விலை குறையும் பொருட்கள்

முரளி,

நம் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு வழக்கம்போல என்னிடம் பட்ஜெட் கட்டுரை கேட்டார்கள். மத்திய அரசின் நிதிநிலை அறிக்கையில் சாதாரணக் குடும்பத்துக்கு என்ன இருக்கிறது என்று நான்கு பக்கம் எழுத வேண்டும். கட்டுரைக்கு முன்பக்கம் நகைக்கடை விளம்பரம் இருக்கும், பின்பக்கம் கோலப் போட்டி முடிவுகள் இருக்கும். இத்தனை வருடமும் கேட்ட தேதிக்கு முன்பே கொடுத்திருக்கிறேன். இந்த முறை உட்கார்ந்தேன், வரவில்லை. ‘நேரடி வரிகள்’ என்று தலைப்பு எழுதிவிட்டு அதற்குக் கீழே உன் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ கவிதாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு புனே போகிறாய். அதற்குள் உன்னிடம் பேசிவிட வேண்டும் என்று இரண்டு மூன்று தடவை உன் வீட்டு வாசல் வரை வந்தேன். நீ அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தாய். "என்னப்பா, ஏதாவது வேணுமா?" என்றாய். "ஒண்ணுமில்லை, சும்மா வந்தேன்" என்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். மலர் சனிக்கிழமை வெளியாகிறது. நீ கிளம்புவதற்கு முன் படித்துவிடலாம். மற்றவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும். நான் பேசியது அவர்கள் முன்னால்தான்.

உனக்குத் தெரிந்ததைத்தான் முதலில் சொல்கிறேன், இங்கே புதிதாகக் குடிவந்தவர்களுக்காக. நான் வேலப்பன்சாவடிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவன். வகுப்பறைக்கு வெளியே வாய் திறக்கப் பயப்படுகிறவன். பேருந்தில் பாக்கிச் சில்லறை கேட்கக்கூட உன் அம்மாவைத்தான் முன்னால் தள்ளுவேன். அப்படிப்பட்டவன் வருடத்தில் ஒரு நாள் மட்டும் நூறு பேர் எதிரே மைக் பிடிப்பேன். பட்ஜெட் அன்று மாலை, சங்கக் கட்டடத்தில். எப்போது ஆரம்பித்தது என்பது எனக்கே சரியாக நினைவில்லை. யாரோ ஒருவர் தொலைக்காட்சியில் உரையைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து, "சார், நீங்க எகனாமிக்ஸ் தானே, மொத்தத்துல இது நமக்கு நல்லதா கெட்டதா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் மாடிப்படியில் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். அடுத்த வருடம் நாற்காலி போட்டார்கள். அதற்கடுத்த வருடம் சுண்டல் வந்தது.

அந்தக் கூட்டத்தில் கேள்விகள் எப்படி வரும் என்று உனக்கு நன்றாகத் தெரியும். நம் தெருமுனை இஸ்திரிக்காரர் வருடா வருடம் முதல் வரிசையில் உட்கார்ந்து, "சார், சிலிண்டர் ஏறுமா எறங்குமா, அத்த மட்டும் சொல்லிடு, நான் கட தொறக்கணும்" என்பார். சிலிண்டர் விலை பட்ஜெட்டில் தீர்மானிக்கப்படுவதில்லை, அது வேறு வழியாக வருவது என்று நான் விளக்க ஆரம்பிப்பேன். "கேட்டது ஒரு கேள்வி, சார் எனக்கு பரீட்சையே வெச்சிட்டாரு" என்று அவர் எழுந்து போவார். சிரிப்பு அடங்கியதும் யாராவது, "சரி சார், நல்லதா கெட்டதா?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் நான் பதில் சொன்னதே இல்லை. ஒரு தாளின் நடுவே மேலிருந்து கீழாகக் கோடு இழுத்து, இடப்பக்கம் யாருக்கெல்லாம் நன்மை, வலப்பக்கம் யாருக்கெல்லாம் சிரமம் என்று எழுதி வைத்திருப்பேன். அதை அப்படியே வாசிப்பேன். முடித்ததும் ஒரு மௌனம் வரும். அந்த மௌனம்தான் எனக்குப் பெரிய பயம். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு கைதட்டல் கேட்கும், பிறகு எல்லோரும் தட்டுவார்கள். பேச்சு நன்றாக இருந்ததால் தட்டுகிறார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கோடு இழுக்கிற பழக்கத்தை நான் பட்ஜெட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பது உனக்குத்தான் அதிகம் தெரியும். நீ எந்தப் பிரிவில் பொறியியல் சேர்வது என்பதற்கும் கோடு, கவிதாவைப் பற்றி நீ வந்து சொன்னபோதும் கோடு. அன்று உன் அம்மா அந்தத் தாளைப் பிடுங்கி, அதில் கடுகு தாளித்த கரண்டியை வைத்துவிட்டு, "பொண்ணு நல்லாருக்கா. பேசி முடிங்க" என்றாள். நீ ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் சொந்தமாகச் சின்னதாக ஒரு பட்டறை போடப்போகிறேன் என்று வந்த நாளும் நினைவிருக்கிறது. "அப்பா, பண்ணட்டுமா?" என்று கேட்டாய். நீ வீட்டுக்குள்கூட வரவில்லை, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாய். நான் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். இரண்டு பக்கமும் நிரம்பிய தாளை உன்னிடம் கொடுத்தேன். நீ பொறுமையாகப் படித்துவிட்டு, "சரிப்பா" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாய். ஒரு ‘பண்ணு’வோ ஒரு ‘வேண்டாம்’மோ கேட்டு வந்தவனுக்கு நான் கொடுத்தது அதுதான். அது அப்போது எனக்குப் பொறுப்பான செயலாகத் தெரிந்தது. இப்போதும் அது தவறு என்று அடித்துச் சொல்ல எனக்கு வரவில்லை. அதுதான் என் கோளாறு.

பட்டறையில் நீ கம்ப்ரஸர் செய்கிறாய் என்று சொன்னாய். எனக்குத் தெரிந்த கம்ப்ரஸர் குளிர்பதனப் பெட்டிக்கு அடியில் இருப்பது. ஆகவே என் மகன் ஃபிரிட்ஜுக்கு உதிரிபாகம் செய்கிறான் என்று எண்ணிக்கொண்டேன், கேட்டவர்களிடமும் அப்படியே சொன்னேன். அம்பத்தூருக்கும் நாம் இருக்கும் முகப்பேருக்கும் எவ்வளவு தூரம், ஸ்கூட்டரில் கால் மணி நேரம்! இருந்தும் ஆயுதபூஜைக்கு வருவேன், பொரி சாப்பிடுவேன், சந்தனப் பொட்டு வைத்த இயந்திரங்களைத் தள்ளி நின்று பார்ப்பேன், வந்துவிடுவேன். பிறகு எனக்கு இழுப்பு அதிகமானது. மருத்துவர் வீட்டிலேயே மருந்தை ஆவியாக்கி இழுக்கும் கருவி ஒன்று வாங்கச் சொன்னார். நீ மறுநாளே ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாய். "எவ்வளவு ஆச்சு? வாடகைக்கா?" என்றேன். "நம்மளதுப்பா" என்றாய். திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை, வாங்கிவிட்டோம், நமக்கே சொந்தம் என்று நான் புரிந்துகொண்டேன். நீ இன்னும் ஏதோ சொல்ல நின்றாய். நான் உறையிலிருந்த விளக்கக் குறிப்பை எடுத்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

இரண்டு பட்ஜெட்டுக்கு முந்தைய அந்த மாலைக்கு வருகிறேன். உரையின் இரண்டாம் பகுதியில், வரிகளைப் பற்றிச் சொல்லும் பகுதியில், இறக்குமதி வரி மாற்றங்கள் போகிற போக்கில் வாசிக்கப்படும். தொலைக்காட்சியில் அப்போது விளம்பரம் போட்டுவிடுவார்கள். நான் இணைப்புப் பட்டியல் வரை படிப்பவன். சில மருத்துவக் கருவிகளுக்கு வரி குறைந்திருந்தது. அதில் என் மேசையில் இருக்கும் கருவியும் ஒன்று. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இத்தனை வருடப் பேச்சில் முதன்முறையாக வலப்பக்கத்தில் எழுத எனக்கு எதுவும் தோன்றாத ஒன்று கிடைத்தது. அம்பத்தூர்ப் புழுதியில் பாதிப் பேருக்கு இழுப்பு இருக்கிறது. கூட்டத்தில் என் கருவியைப் பற்றியே சொன்னேன், குரலைக்கூடக் கொஞ்சம் உயர்த்தினேன் என்று நினைக்கிறேன். "இது யாருக்கு நல்லது, யாருக்குக் கெட்டது என்று பார்க்கவே வேண்டாம். விலை குறையும். எல்லோருக்கும் நல்லது" என்றேன். கைதட்டல் வந்தது. இஸ்திரிக்காரர், "இன்னாடா இது, சார் நேரா பதில் சொல்லிட்டாரு!" என்று எழுந்து நின்று தட்டினார்.

மறுநாள் காலை செய்தித்தாளில் எப்போதும் போடும் அந்தப் பெட்டி வந்திருந்தது: ‘விலை உயரும் பொருட்கள், விலை குறையும் பொருட்கள்.’ உன் அம்மா காப்பியை வைத்துவிட்டு அதை எட்டிப் பார்த்தாள்.

"இது உங்க மிஷின்தானே? இது குறையுதா?"

"ஆமாம். நேத்து சொன்னேனே. வெளிநாட்டிலிருந்து முழுசா வர்ற மிஷினுக்கு வரி குறைச்சிருக்காங்க."

"அப்ப நம்ம பையன் பண்றத யாரு வாங்குவா?"

"அவன் பண்றது ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர்."

உன் அம்மா செய்தித்தாளை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். கோபம்கூட இல்லை அவளிடம். "ஏங்க, தினமும் மூஞ்சில வெச்சுக்கிட்டு இழுக்கறீங்களே, அதுக்குள்ள காத்து அடிக்கிறது எதுன்னு நெனச்சீங்க? அவன் பண்ணதுதான். நம்மளதுன்னு சொன்னானே, காதுல விழலையா?" என்றாள். பிறகு சமையலறைக்குள் போனவள் திரும்பி வந்து, "நேத்து யாரு மொதல்ல கை தட்டினாங்கன்னு பாத்தீங்களா? மைக்ல நீங்க முடிச்சதும் எப்பவும் ஒரு நிமிஷம் எல்லாரும் முழிப்பாங்கல்ல, அப்ப அப்பா பயந்துடுவாருன்னு அவன்தான் ஆரம்பிப்பான். ஸ்கூல் படிக்கறப்பலேருந்து அப்படித்தான். நேத்தும் அவன்தான் ஆரம்பிச்சான்" என்றாள்.

உன்னைத் தொலைபேசியில் அழைத்தேன். என்ன சொன்னேன் என்று ஒழுங்காக நினைவில்லை. நீ சொன்னது நினைவிருக்கிறது. "பரவாயில்லப்பா. நீங்க சொன்னது கரெக்ட்தான். வாங்கறவங்களுக்கு நல்லதுதானே." பின்னணியில் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. அதன் பிறகு நான் உட்கார்ந்து பட்டியலை மறுபடி படித்தேன். முழுக் கருவிக்கு வரி குறைந்திருக்கிறது. அதற்குள் இருக்கும் கம்ப்ரஸரைச் செய்ய நீ வாங்கும் செம்புக் கம்பிக்கும் காந்தத்துக்கும் அலுமினியத்துக்கும் வரி அப்படியே இருக்கிறது. செய்த பொருளுக்கு வரி குறைவு, செய்வதற்குத் தேவையானவற்றுக்கு அதிகம். தலைகீழ் வரி அமைப்பு என்று இதை வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். டயரும் ரப்பரும் உதாரணமாகச் சொல்வேன். மாணவர்கள் நன்றாக எழுதுவார்கள்.

பட்ஜெட் என்பது அன்றே சட்டமாகிவிடுவதில்லை. நாடாளுமன்றத்தில் நிதி மசோதா நிறைவேறும் வரை சில வாரங்கள் உண்டு. அதற்குள் வரும் மனுக்களைப் பார்த்துச் சிலவற்றைத் திருத்துவதும் உண்டு. அந்த நம்பிக்கையில்தான் நீ பாஸ்கரனை அழைத்துக்கொண்டு வந்தாய். உன் பக்கத்துப் பட்டறைக்காரர், உங்களைப் போன்ற சிறு பட்டறைக்காரர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர் மாதிரி. "சார், எங்களுக்கு லேத்துதான் ஓட்டத் தெரியும். டில்லிக்குப் புரியற மாதிரி நீங்கதான் எழுதணும்" என்றார். நான் சம்மதித்தேன். உனக்காக ஏதாவது செய்ய முடியும் என்று அன்றைக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எழுத உட்கார்ந்தேன். முதல் பத்தியில் உங்கள் நிலைமை. இரண்டாவதில் தலைகீழ் வரி. மூன்றாவது எழுதும்போது எனக்கு என் இழுப்பு நினைவுக்கு வந்தது. இந்தக் கருவியை வாங்க முடியாமல் ராத்திரியெல்லாம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அதை எழுதாமல் விட்டால் பொய் சொன்னதுபோல இருந்தது. ஒரு பத்தி எழுதினேன். அப்படியானால் எந்த அளவு வரி இருந்தால் இரு தரப்புக்கும் நியாயம் என்று இன்னொரு பத்தி. திருத்தினேன், மறுபடி எழுதினேன். நீங்கள் இரண்டு தடவை நினைவுபடுத்திய பிறகு வாசித்துக் காட்டினேன்.

பாஸ்கரன் கடைசி வரை கேட்டார். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இது மனுவா, தீர்ப்பா?"

நான் தாளைத் திருப்பிக் கடைசிப் பத்தியைப் பார்த்தேன்.

"இத படிச்சா வரிய இன்னும் கொஞ்சம் கொறைக்கலாம்னு எனக்கே தோணுது சார்!"

"அப்பா எழுதினது உண்மைதானே அண்ணே" என்றாய் நீ.

"உண்மை டில்லில நெறைய கீதுப்பா. நமக்கு வேண்டியத நாம கேட்டாத்தான் உண்டு. எதிராளிக்கு வேண்டியத எதிராளி கேட்டுக்குவான். அவனுக்கும் சேத்து நாமளே வக்கீல் வெச்சா எப்படி?"

அவர் பேனாவை எடுத்துப் பின்பாதியை அடித்தார். நோயாளிகளைப் பற்றிய ஒரு வாக்கியத்தையாவது விட்டுவிடுங்கள் என்று மெல்லிய குரலில் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். ‘பொதுமக்களுக்கு இதனால் நன்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை’ என்ற அந்த ஒற்றை வாக்கியம். பாஸ்கரன் உன்னைப் பார்த்தார். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்ணே" என்றாய். மனு அந்த வாக்கியத்தோடுதான் போனது. மசோதா நிறைவேறியது. அந்த இறக்குமதி வரி மாறவில்லை. எத்தனையோ மனுக்கள் போயிருக்கும், எங்களுடையதை யாரும் பிரித்தே பார்த்திருக்க மாட்டார்கள் என்று பாஸ்கரன் என்னிடம் சமாதானமாகச் சொன்னார். படித்து, அந்த வாக்கியத்தின் கீழே யாராவது கோடு போட்டிருப்பார்களோ என்று நான் இன்னும் நினைக்கிறேன். இரண்டில் எது எனக்கு ஆறுதல் என்றுகூடத் தெரியவில்லை.

நான் கூட்டத்தில் சொன்னதும் பொய்யாகவில்லை. அதையும் உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். அந்த வருட மழைக்காலத்தில் மருந்துக்கடையில் நின்றிருந்தேன். நம் அடுக்ககத்தில் வீட்டு வேலை செய்யும் பெண் தன் குழந்தைக்கு அந்தக் கருவியை வாங்கிக்கொண்டிருந்தாள். வெளிநாட்டுப் பெட்டி, மேலே இங்கிலீஷில் ஏதோ பெயர். "சார், போன வர்சம் கேட்டேன், எட்டவே இல்ல. இப்ப எட்டிச்சு சார்" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. மருந்து எவ்வளவு விட வேண்டும், முகமூடியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவள் போன பிறகு கடை வாசலில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருந்தது. கடைக்காரர் தண்ணீர் கொடுத்து, "இழுப்பா சார்?" என்றார். ஆமாம் என்று சொன்னேன்.

உனக்கு ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி முழுக் கருவியையே இறக்குமதி செய்ய ஆரம்பித்தது. உன் பட்டறையில் ஒரு ஷிப்ட் நின்றது, பிறகு வாரத்தில் சில நாள் என்றானது. நீயும் அதையே செய்யலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். முழுக் கருவியாக வரவழைத்து, உன் பெயரைப் போட்டு விற்கலாம். பட்டறை கிடங்காகும், நீ இங்கேயே இருப்பாய். பாஸ்கரனும் அப்படித்தான் மாறினார், அவருடைய மகன் இப்போது நன்றாக இருக்கிறான். நான் சொன்னபோது நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

"ஸ்டிக்கர் ஒட்டச் சொல்றீங்களாப்பா?"

"தப்பொண்ணும் இல்லையே முரளி. சட்டப்படி..."

"தப்புன்னு சொல்லல. ஏழுமலைய வெச்சு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்ல முடியாதுப்பா. அவரு கைக்கு அது அவமானம்."

ஏழுமலை உன் பட்டறையின் மூத்த தொழிலாளி. அதைச் சொல்லிவிட்டு ரசத்துக்குச் சாதம் கேட்டாய். நான் அன்றைக்கும் ஒரு தாளை எடுத்து, இறக்குமதி ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம் என்று எழுதிப் பார்த்தேன். உன் அம்மா அதை வாங்கி நான்காகக் கிழித்தாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

போன மாதம் இயந்திரங்களை விலைபேசிவிட்டாய் என்று தெரிந்ததும், எடுத்துப் போவதற்கு முன் ஒரு தடவை ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். நீ ஆச்சரியப்பட்டாய், மறுக்கவில்லை. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து உன்னோடு எஸ்டேட்டுக்கு வந்தேன். ஏழுமலை முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா சார், அதிசயமா கீது! உன்ன ஆயுதபூஜைக்குத்தான் பாத்துகீறேன். பொரி துன்ன வந்தியே தவிர மிசின பாக்க வர்லியே!" என்றார். நீ அவரை அதட்டப் போனாய், நான் வேண்டாம் என்றேன். "தள்ளி நிக்காத சார், கிட்ட வா. கடிக்காது" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

நீ சொல்லித்தந்தாய், முரளி. விரல் அளவு பிஸ்டன், அது போய் வரும் உருளை, செம்புக் கம்பி சுற்றும் இடம், காற்று உள்ளே வரும் வால்வு, வெளியே போகும் வால்வு. வால்வு என்று நீ காட்டியது ஒரு மெல்லிய தகடு, நகத்தால் தட்டினால் வளையும். அதன் வளைவு சரியாக இல்லையென்றால் மருந்து ஆவியாகாமல் துளியாக விழும் என்றாய், அதைச் சரியாகக் கொண்டுவர உனக்கு ஒரு வருடம் பிடித்தது என்றாய். அந்த ஒரு வருடமும் நான் முகப்பேரில்தான் இருந்தேன். நான் கேள்வி கேட்டேன். முட்டாள்தனமான கேள்விகள்தான். நீ சலிக்கவில்லை. வகுப்பில் நான் ஒருபோதும் அவ்வளவு தெளிவாக எதையும் விளக்கியதில்லை. நேரம் போனதே தெரியவில்லை. லாரி வந்து வெளியே ஹாரன் அடித்தது. நீ சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் ஸ்விட்ச் போர்டுக்குப் போனாய். சத்தம் நின்றதும் ஏழுமலை துணியால் கையைத் துடைத்துக்கொண்டே, "நம்ம சாருக்கு பையன் ஃபஸ்ட் கிளாஸா பாடம் நட்த்திட்டான்பா" என்றார். அவர் வெளியே போய் லாரிக்காரருக்கு ரிவர்ஸ் சொல்ல ஆரம்பித்தார்.

போன வருடம் நான் கூட்டத்தில் பேசவில்லை. இழுப்பு என்று சொல்லிவிட்டேன். இஸ்திரிக்காரர் தெருவில் மறித்து, "இன்னா சார், இந்த வர்சம் நாட்டுக்கு பட்ஜெட் இல்லியா?" என்றார். இந்த வருடமும் அதே காரணம்தான் சொன்னேன். பட்ஜெட் வந்தது, விலை உயரும் பொருட்கள் உயர்ந்தன, குறையும் பொருட்கள் குறைந்தன. அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அதில் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் எந்த ஊரில் எவன் என்ன செய்துகொண்டிருக்கிறானோ என்று தோன்றுகிறது. இனிமேல் நீ மாதச் சம்பளக்காரன், ஆகவே இதைச் சொல்லலாம்: வருமான வரியில் பழைய முறை, புதிய முறை என்று இரண்டு இருக்கும், எதில் இருக்கப் போகிறாய் என்று கம்பெனியில் கேட்பார்கள். வாடகை ரசீதுகளைப் பத்திரமாக வை. இரண்டையும் போட்டுப் பார். பார்த்து ஒன்றைச் சொல்லிவிடு. என்னைப் போல இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நிற்காதே. உன் மகள் நாளைக்கு உன்னிடம் வந்து ஒன்றைச் செய்யட்டுமா என்று கேட்டால், உனக்குத் தோன்றுவதை அப்போதே சொல். அது தவறாகப் போனால் போகட்டும். நீ என்ன நினைக்கிறாய் என்றாவது அவளுக்குத் தெரியும். என் மனதில் என்ன இருந்தது என்று உனக்கு எப்போதாவது தெரிந்திருக்குமா?

புனே வேலைக்கு அழைப்பு வந்த அன்று நீ என்னிடம் வந்து கேட்டாய். "அப்பா, போகட்டுமா?" இந்த முறை நான் தாள் எடுக்கவில்லை. ஆனால், "உனக்கு எது நல்லதோ" என்றேன். அதுவும் அதே பதில்தான். நீ தலையாட்டிவிட்டுப் போனாய். அந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவு நாள் கழித்து, இந்த ஊரே படிக்கும்படி, இப்போது பதில் எழுதுகிறேன்.

நீ அங்கே ஏன் போக வேண்டும் என்பதற்கான காரணங்கள் எனக்குத் தெரியும். நீ சொன்னவையும் தெரியும், சொல்லாதவையும் தெரியும். ஒவ்வொன்றும் சரி. நீ போய்விடுவாய் என்பதும் தெரியும், டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பெட்டிகள் கட்டியாகிவிட்டன. அவற்றில் எதையும் நான் இங்கே எழுதப் போவதில்லை.

போகாதே, முரளி. எனக்கு நீ இங்கே இருக்க வேண்டும்.

அப்பா